பிஸ்கட் டின்னில் இருந்த கப்பல்கள்

கப்பலைப் பார்க்கப் போவதற்கு எனக்குக் கொஞ்சமும் விருப்பம் இருக்கவில்லை. அப்போது நான் கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு நாசகாரி என்கிற சின்ன வகை அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வந்திருக்கிறது, பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒரு ஆசிரியை வேண்டும். கலியாணமாகாதவள், வீட்டில் காத்திருக்கப் பிள்ளைகுட்டி இல்லாதவள் என்பதால் இப்படியான வேலைகள் எல்லாம் என்னைக் கேட்காமலே என் தலையில் விழும். அந்தச் சனிக்கிழமையும் விழுந்தது.

கப்பலில் ஏறியதும் பிள்ளைகள் பீரங்கியைப் பார்க்க ஓடினார்கள். நான் வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. அலுமாரி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு மாலுமி குனிந்து கடித உறைகளுக்குச் சீல் குத்திக்கொண்டிருந்தான். கப்பலுக்குள் தபால் கந்தோர் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. விசாரித்தேன். தான்தான் கப்பலின் தபால் குமாஸ்தா என்றும், இந்தக் கப்பலுக்கென்று தனிச் சீல் உண்டு என்றும் சொல்லி, அதைத் திருப்பிக் காட்டினான். வட்டத்துக்குள் கப்பலின் பெயரும் தேதியும். வட்டத்துக்குப் பக்கத்தில், முத்திரையின் மேல் விழுவதற்கான தடித்த கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நடுவே, கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அந்த ஊரின் பெயரைச் சின்னஞ்சிறு எழுத்துகளாகக் கோத்து வைக்கலாம். கொழும்பு என்று கோத்துவிட்டிருந்தான். நாட்டின் பெயருக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து என்று அவனுக்குச் சந்தேகம். நான் சொல்லச் சொல்ல, சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பிறகு ஒரு உறையை நீட்டி விலாசம் எழுதச் சொன்னான்.

என் பெயரையும் வெள்ளவத்தை விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். சீல் குத்தி என் கையில் தருவான் என்று நினைத்தேன். அவன் அதைத் தபால் பையில் போட்டுவிட்டான். அந்த உறை கப்பலோடு மணிலாவுக்குப் போய், அங்கே இறங்கி, வேறொரு கப்பலில் ஏறி, மழை தொடங்கிய பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. நான் அதைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடும் ரயிலைத் தவிர வேறு எதிலும் தூரம் போகாதவள் நான். என் பெயர், என் கையெழுத்தில், கடலைச் சுற்றிப் போய்த் திரும்பி வந்திருந்தது.

அதற்குப் பிறகு என்னால் விட முடியவில்லை. எந்தக் கடற்படைக் கப்பல் எங்கே போகிறது என்பதையெல்லாம் அந்த நாட்களில் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போடும். நான் அதைப் பார்த்து, கப்பலின் தபால் குமாஸ்தாவுக்கு இரண்டு வரி எழுதி, என் விலாசம் எழுதிய உறையையும் உள்ளே வைத்து அனுப்புவேன். அமெரிக்கக் கப்பல்களில் இருந்து பெயரும் ஊரும் விழுந்த சீலோடு வரும். பிரிட்டிஷ் கப்பல்களின் தபால் சீலில் கப்பலின் பெயர் இருக்காது. ஆனால் கேட்டால் உறையின் மூலையில் கப்பலின் சின்னத்தைப் பதித்து அனுப்புவார்கள். பல கப்பல்கள் பதிலே போடவில்லை. சில மாலுமிகள் கண்டபடி எழுதினார்கள்; அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு உறையை மட்டும் வைத்துக்கொண்டேன். நாசகாரிகள் மட்டும்தான் சேர்த்தேன். பெரிய போர்க்கப்பல்களின் உறை எல்லோரிடமும் இருந்தது. இந்தச் சின்னக் கப்பல்களை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் இல்லாததால் நான் அண்ணாவின் வீட்டில் இருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. அண்ணா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் குமாஸ்தா. கந்தோரில் யார் முகத்தைச் சுளித்தார், யார் சிரித்தார் என்பதைத் தவிர வீட்டில் வேறு எதையும் பேசமாட்டார். என் உறைகள் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"கப்பல்காரர் மாறி மாறி உனக்குக் காயிதம் போடுகினம். தபால்காரன் என்ன நினைப்பான்?" என்று ஒருநாள் கேட்டார்.

தபால்காரன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. அண்ணா என்ன நினைத்தார் என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு மச்சாள், அதாவது அண்ணாவின் மனைவி, பகலில் வரும் உறைகளை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுத்துத் தருவாள். அவளுக்கும் அந்தச் சின்னங்களைப் பார்க்க ஆசை. சிங்கம், கத்தி, கடற்குதிரை என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பாள்.

கொழும்பு நகரின் கோட்டைப் பகுதியில் முத்திரை சேகரிப்போர் சங்கம் ஒன்று இருந்தது. நான் தயங்கித் தயங்கி ஒரு கூட்டத்துக்குப் போனேன். வெள்ளைக்காரர்களும் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரும், கோட்டும் சூட்டும் போட்ட எங்கள் ஆட்கள் சிலரும் இருந்தார்கள். சேலை உடுத்தவள் நான் ஒருத்திதான். சங்கத்தின் செயலாளர் தேயிலைக் கம்பனி ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர். அவரும் கடற்படை உறைகள் சேர்த்தார். என் அல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை யாருக்காகச் சேர்க்கிறாய் என்று கேட்டார். எனக்காகத்தான் என்றேன். பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் என்னிடம் இரண்டாக இருந்த உறைகளை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு, அதுவரை நான் காசு கொடுத்து வாங்கிவந்த அமெரிக்க முத்திரைகளைத் தந்தார். அவற்றை ஒட்டினால்தான் அமெரிக்கக் கப்பல்களில் சீல் குத்துவார்கள் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல்களின் பெயர் பத்திரிகையிலிருந்தும் தபாலிலிருந்தும் மறைந்தது. மாலுமிகளுக்குக் கடிதம் எழுதுவது கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒரு கப்பலுக்கும் ஒரு வரியும் எழுதவில்லை. கையில் இருந்ததைத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அமெரிக்க உறைகளை இரண்டு அல்பங்களில் போட்டு மேசைக்கு மேலே தட்டில் வைத்திருந்தேன். பிரிட்டிஷ் கப்பல்களின் உறைகள், அல்பம் கிடைக்காததால், கட்டிலுக்குக் கீழே ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இருந்தன.

சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததும் கொழும்புக்குப் பைத்தியம் பிடித்தது. கடற்கரையில் முள்ளுக்கம்பி போட்டார்கள். கடலைப் பார்த்த ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டினோம். வெள்ளவத்தையில் ஒருவர் கடல் பக்கமாகச் சுருட்டுப் பற்றவைத்ததற்காக அவரை ஒற்றன் என்று அடிக்கப் போனார்கள். அண்ணாவின் கந்தோரில் சுற்றுநிருபம் ஒன்று வந்ததாம்: சந்தேகப்படும்படி எதைக் கண்டாலும் மேலதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். அவர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சில நாட்கள் கழித்து, காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பொலிசார் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், ஒரு தமிழ்ச் சப்-இன்ஸ்பெக்டர், வாசலில் ஒரு கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் எந்த அறை என்று கேட்கவில்லை. நேராக என் அறைக்குள் போய், நேராகத் தட்டுக்குக் கையை நீட்டி, இரண்டு அல்பங்களையும் எடுத்தார். அண்ணா அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். பத்திரிகையைப் பிடித்தபடி கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் பயந்துபோய்விட்டார் என்று நான் நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

மச்சாள் மட்டும் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ரீச்சராக்கும் இவ, விசாரிச்சுப் பாருங்கோ" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அண்ணா அவளை உள்ளே போகச் சொன்னார்.

என்னைக் காரில் ஏற்றிக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஒழுங்கை முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. எதிர்வீட்டு மனிசி வழக்கமாக என்னைக் கண்டால் மழையைப் பற்றியாவது ஒரு வார்த்தை பேசுவா. அன்றைக்குத் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினா.

விசாரணை அறையில் இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என்னைப் பார்க்காமல் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்ப்பார். அந்த ஆள் நான் சொன்ன அதே ஆங்கிலத்தை, என்னைவிட மோசமான ஆங்கிலத்தில், திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் தலையாட்டுவார். முதலில் சிரிப்பு வந்தது. வெயில் ஏற ஏற, மேசையில் இருந்த மைக்கூட்டை எடுத்து இருவர் மேலும் ஊற்றலாமா என்று வந்தது.

அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இதை உனக்குச் செய்யச் சொன்ன ஆண் யார்? காதலனா? ஜப்பான்காரனோடு வியாபாரம் செய்த யாராவது கடைக்காரனா? கப்பலில் இருந்த மாலுமியா? கப்பல்களின் பெயரும், துறைமுகங்களும், தேதிகளும் வரிசையாக இருக்கின்றன, ஒரு கப்பல் எப்படி ஓடியது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம், இதெல்லாம் ஒரு பெண்ணின் மூளையில் உதிக்கிற காரியம் இல்லை என்று இன்ஸ்பெக்டர் பொறுமையாக எனக்கு விளக்கினார். இவை எல்லாம் யுத்தத்துக்கு முந்தியவை, அந்தந்தக் கப்பலே தன் கையால் குத்திக் கொடுத்தவை, அதே செய்தி அதே வாரத்துப் பத்திரிகையில் இருக்கிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டு, அந்த ஆண் யார் என்று மறுபடியும் கேட்டார்கள். என்னை உளவுக்காரி என்று அவர்கள் நினைத்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. உளவுக்காரியாக இருக்கும் அளவுக்குக்கூட எனக்கு மூளை இல்லை என்பதுதான் அவர்களின் முடிவு.

கடைசியில் சங்கத்துச் செயலாளரைப் பற்றிச் சொன்னேன். என்னிடம் இருப்பதைப்போலப் பத்து மடங்கு அவரிடம் இருக்கிறது, கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறார், அதில் நான் கொடுத்தவையும் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரை எனக்குத் தெரியும். அவர் ஒரு சேகரிப்பாளர்" என்றார்.

"அப்படியென்றால் நான் யார்?" என்று கேட்டேன்.

அவர் மறுபடியும் பேனாவை எடுத்தார். இந்த ஒன்றை மட்டும் சப்-இன்ஸ்பெக்டர் திருப்பிச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு போகலாம் என்றார்கள். அல்பங்கள் அவர்களிடமே இருக்கும் என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வாசல் வரைக்கும் வந்தார். வெளியே வந்ததும் அவருடைய குரல் மாறியது, ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

"உங்கட அண்ணர் தானாக் கந்தோரில சொன்னபடியால்தான், தங்கச்சி, இது இவ்வளவோட முடிஞ்சுது. வேற ஆரும் அறிவிச்சிருந்தா உங்களை உள்ளுக்கு வைச்சிருப்பினம். போய் அவருக்கு நன்றி சொல்லுங்கோ" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் கோட்டை ரயில் நிலையத்துக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. வெள்ளவத்தையில் இறங்கியபோதுதான் எனக்கு நினைவு திரும்பியது. இன்ஸ்பெக்டர் நேராக என் அறைக்குப் போனது, நேராகத் தட்டுக்குக் கையை நீட்டியது, கதிரையை விட்டு எழும்பாத அண்ணா, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தண்டவாளத்தின் ஓரமாக நடந்தபடியே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆனால் கேட்க வேண்டியது வேறாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததுமே கருகிய மணம். குப்பை எரித்த மணம் இல்லை. பசையும் தடித்த கடதாசியும் எரிந்த மணம். நான் அறைக்குள் போய்க் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பின்பக்கம் போனேன். கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பிஸ்கட் டின் மூடியில்லாமல் கிடந்தது. உள்ளே சாம்பல். அதற்குமேல் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒரு உறையின் மூலை மட்டும் எரியாமல் இருந்தது. எடுத்தேன். கையில் மசிந்து போயிற்று.

மச்சாள் அடுப்படி வாசலில் நின்றாள். நான் திரும்பியதும் உள்ளே போய்விட்டாள்.

அண்ணா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கை கழுவி முடியும்வரை நான் நின்றேன்.

"பொலிசுக்குச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம். நான்தான் சொன்னனான். வேற ஒருத்தன் சொன்னா என்ர வேலை போயிருக்கும். வேலை போனா நீயும் றோட்டிலதான் நிப்பாய்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ விட்டிருப்பியோ?"

"அவங்கள் அல்பத்தைத்தான் எடுத்தவங்கள். டின்னை ஏன் எரிச்சனீங்கள்?"

"திரும்பி வந்து தேடினா? நான் இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தினனான். வெறும் காயிதத் துண்டுகள். அதுக்குப்போய் இப்பிடி நிக்கிறாய்."

காயிதத் துண்டுகள் என்று அவர் சொன்னபோது நான் அவரை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. எங்கள் வீடுகளில் தங்கச்சி அண்ணாவை அடிப்பதில்லை. அந்த டின்னில் ஒவ்வொரு உறையிலும் என் பெயர் இருந்தது. ஹொங்கொங்குக்கும் மால்டாவுக்கும் ஏடனுக்கும் போய் வந்த என் பெயர். பொலிசார் என் பெயரை எடுத்துக்கொண்டு போய் ஒரு அறையில் பூட்டி வைத்தார்கள். என் அண்ணா அதைக் கிணற்றடியில் போட்டு எரித்து, சோறு தின்றுவிட்டுக் கை கழுவினார். எந்தக் கொடுமை பெரியது என்று யாராவது என்னிடம் கேட்டால் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடியும் தேவையில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதிபர் மதர் என்னைக் கூப்பிட்டா. அயர்லாந்துக்காரி, சிரிக்கவே தெரியாதவ. என்னை நிறுத்திவிடுவா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பொலிசார் தன்னிடமும் விசாரித்ததாகவும், நான் ஒழுங்காகப் படிப்பிக்கிறேன் என்று தான் சொன்னதாகவும் சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்றா. அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மனிசி என்னை நிறுத்தியிருந்தால் நான் அண்ணாவின் வீட்டிலேயே கிடந்து அவருடைய நல்ல மனத்தைக் கேட்டுக் கேட்டுச் செத்திருப்பேன்.

அந்த வாரமே கொட்டாஞ்சேனையில் ஒரு அறை தேடினேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கொழும்புச் செட்டி விதவை தன் வீட்டின் முன்னறையைத் தந்தா. வெள்ளவத்தையில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அண்ணா தடுக்கவில்லை. ஒரு பெண் தனியாக அறை எடுத்து இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று மட்டும் கேட்டார். ஊர் பொலிஸ் காரைப் பார்த்துவிட்டது, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்றேன்.

கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகுதான் என் கோபம் உண்மையாக வளர்ந்தது. அந்தப் பகுதி முழுவதும் துறைமுகத்தில் வேலை செய்யும் ஆட்கள். நிலக்கரி ஏற்றுபவர்கள், படகோட்டிகள், கப்பல்களுக்கு மரக்கறி கொடுப்பவர்கள். காலையில் பாண் வாங்கப் போனால், எந்தப் போர்க்கப்பல் வந்தது, எது எண்ணெய் ஏற்றிக்கொண்டு போனது, எதில் ஓட்டை அடைக்கிறார்கள் என்பதெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் தேநீர்க்கடை முழுக்க ஓடும். யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. பழைய உறைகளை வைத்திருந்ததற்காக என்னை ஏற்றிக்கொண்டு போனவர்கள் அந்தக் கடையில் நின்று ஒரு தேநீர் குடித்திருந்தால் போதும்.

ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான் விமானங்கள் வந்தபோது நான் பூசைக்குப் போகும் வீட்டுக்கார அம்மாவோடு வாசலில் நின்றேன். சத்தம் கேட்டதும் இருவரும் மேசைக்குக் கீழே படுத்தோம். அவ செபமாலையை உருட்டினா. எனக்குச் செபம் வரவில்லை. வெளியே வந்து பார்த்தபோது துறைமுகத்துக்கு மேலே புகை நின்றது. மத்தியானத்துக்குள் கொட்டாஞ்சேனை முழுவதற்கும் தெரிந்துவிட்டது: துறைமுகத்துக்குள்ளேயே ஒரு நாசகாரிக் கப்பல் மூழ்கிவிட்டது. வீட்டுக்கார அம்மாவின் மருமகன் படகு வேலை செய்பவர். அவர் வந்து கப்பலின் பெயரைச் சொன்னார். ஆட்களும் செத்துப்போனார்கள் என்றார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். பழைய, சின்னக் கப்பல். யுத்தத்துக்கு முன் நான் அதற்கு எழுதினேன். யாரோ ஒருவர் சின்னத்தை மிகக் கவனமாக, ஒரு பக்கமும் மசியாமல் பதித்து, கிடைத்ததும் தெரியப்படுத்தவும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும் எழுதி அனுப்பியிருந்தார். நான் தெரியப்படுத்தினேன். அவர் அன்றைக்கும் அந்தக் கப்பலில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த உறை டின்னில் இருந்தது. அன்று பின்னேரம் வரை நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஒரு மனிதன் என்னை மதித்துச் செய்த ஒரு சின்னக் காரியம், அவன் செத்தானோ இருந்தானோ, என்னிடம் இருந்திருக்க வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போடுவதற்கு முன்பே என் குடும்பத்தார் அதை எரித்துவிட்டார்கள்.

துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க அண்ணா வரவில்லை. மச்சாளையும் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுவதில் அவருக்கு அவசரம். மச்சாள்தான் ரயில் ஏறுமுன் ஒரு தபாலட்டை போட்டிருந்தாள்.

யுத்தம் முடிந்து சில மாதங்களில் கோட்டைப் பொலிசிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போனேன். வேறொரு இளம் அதிகாரி இருந்தார். கடதாசியில் சுற்றி, நூல் கட்டிய பொதியொன்றைத் தந்து கையெழுத்து வாங்கினார். இரண்டு அல்பங்கள். அங்கேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒரு உறையும் குறையவில்லை. ஒரு மூலையும் மடங்கவில்லை. ஏதாவது குறைகிறதா என்று அந்தப் பையன் மரியாதையாகக் கேட்டான். ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. குறைந்திருந்தால் வெள்ளைக்காரன் மேல் பழி போட்டுவிட்டு அண்ணாவை மறந்திருப்பேன்.

அடுத்த வருடம் அண்ணாவின் மூத்த மகள் பெரியபிள்ளையானாள். மச்சாள் கொட்டாஞ்சேனைக்கு வந்து, பிள்ளையின் மாமி நான் இல்லாமல் சாமத்தியச் சடங்கு செய்ய முடியாது என்று அழுதாள். பிள்ளைக்காகப் போனேன். அந்தக் கிணற்றடியில்தான் அவளுக்குத் தலைக்கு வார்த்தார்கள். நானும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். ஆலத்தி எடுத்தேன். என் வேலை முடிந்ததும் போய்விடலாம் என்று இருந்தேன்.

முன் கூடத்தில் அண்ணாவின் கந்தோர்க்காரர்கள் இருந்தார்கள். அவர் யாரிடம் என்னைப் பற்றிச் சொன்னாரோ அந்த மேலதிகாரியும், இப்போது ஓய்வு பெற்றவர், நடுவில் இருந்தார். நான் கடந்து போகையில் அண்ணா என்னைக் காட்டி, எங்கள் தங்கச்சியை யுத்தகாலத்தில் உளவுக்காரி என்று பொலிஸ் பிடித்த கதை தெரியுமா என்று தொடங்கினார். அவர் அதை ஒரு பகிடிக் கதையாக்கி வைத்திருந்தார். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது கேட்டதுமே விளங்கியது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். அவர் கதையில் நான் கடிதப் பைத்தியம், இன்ஸ்பெக்டர் கோமாளி. வீட்டிலிருந்து அறிவித்தவர் ஒருவருமில்லை. டின்னும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி மட்டும் வாழைப்பழத்தை உரித்தபடி குனிந்திருந்தார்.

நான் நடுவில் போய் நின்றேன்.

"பொலிசுக்கு அறிவிச்சது ஆர் எண்டு ஐயாவுக்குத் தெரியும்" என்று மேலதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். பிறகு அண்ணாவைப் பார்த்தேன். "பொலிஸ் எடுத்ததைப் பொலிஸ் திருப்பித் தந்திட்டுது. நீங்கள் எரிச்சதை ஆர் தருவினம் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ. கதை அப்பதான் முடியும்."

அண்ணாவின் முகம் கறுத்தது. விசேஷ வீட்டில் கதைக்கிற கதையா இது என்று யாரோ ஒரு கிழவர் பின்னால் இருந்து சொன்னார். நான் சாப்பிடாமல் இறங்கிக் காலி வீதிக்கு வந்து பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது எனக்கு நல்ல பசி எடுத்தது. கொட்டாஞ்சேனையில் இறங்கி ஒரு கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கித் தின்றேன்.

சபையில் வைத்து அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டால்தான் இனி அந்த வீட்டுப் படியில் கால் வைக்கலாம் என்று அண்ணா சொல்லியனுப்பினார். நான் பதில் அனுப்பவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு மச்சாள் தனியாக வந்தாள். கட்டிலின் ஓரத்தில் இருந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நெருப்புப்பெட்டி எடுத்துக் குடுத்தது நான்தான்" என்றாள். "கடற்குதிரை போட்டதை மட்டுமெண்டாலும் எடுத்து ஒளிப்பம் எண்டு நினைச்சனான். அவர் பாத்துக்கொண்டு நிண்டார். கை வரேல்லை."

அதைக் கேட்டதும் எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அவளை எழுப்பி வெளியே அனுப்பிவிடலாம் போல இருந்தது. அவள் பொறுத்துக்கொள்ளுங்கோ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பித்தான் இருப்பேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியுமா என்று விசாரித்தாள். அவர் விடமாட்டார், ஆனால் தான் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். இவ்வளவு காலத்தில் அவள் அவரிடம் எதையாவது கேட்கப் போவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்டிக்கொண்டு வா, மதரிடம் நான் கதைக்கிறேன் என்றேன்.

அண்ணா விட்டார். ஏன் விட்டார் என்று நான் கேட்கவுமில்லை, அதற்காக அவருக்கு நன்றி சொல்லவுமில்லை. பிள்ளை தினமும் ரயிலிலும் டிராமிலும் வந்து போனாள். அவளுடைய தகப்பனும் நானும் அதற்குப் பிறகு செத்தவீடுகளில்தான் கண்டோம். கண்டபோதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்த்தார். நான் அவரை நேராகவே பார்த்தேன்.